‘ஷல்’ என்னும் வினைச்சொல்லும் துல்லியம் என்னும் மூடநம்பிக்கையும்

சட்டத்தைத் தமிழில் எழுத முடியாது என்று சொல்பவர்கள் இரு வகையினர். முதல் வகையினருக்குத் தமிழ் தெரியாது. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. இரண்டாம் வகையினர் தமிழை நன்கறிந்தவர்கள், கம்பனில் தோய்ந்தவர்கள், இலக்கிய இதழ்களைத் தவறாமல் வாசிப்பவர்கள். அவர்கள் சொல்வதன் சாரம் இது: தமிழ் கவிதையின் மொழி, உணர்வின் மொழி. சட்டத்துக்கு வேண்டியதோ துல்லியம். ஒரு சொல், ஒரு பொருள் என்னும் கறார்த்தன்மை ஆங்கிலத்துக்கு வாய்த்திருக்கிறது, தமிழுக்கு வாய்க்கவில்லை. ஆகவே உயர் நீதிமன்றம் ஆங்கிலத்திலேயே நடந்துவிட்டுப் போகட்டும்.

பாராட்டுப்போல ஒலிக்கும் இந்த வாதம் உண்மையில் ஒரு வெளியேற்ற ஆணை. கவிதை எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு மொழியைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, வீட்டின் சாவியை வேறொரு மொழியிடம் கொடுப்பதுதான் இதன் பொருள். எனவே அந்தத் துல்லியத்தைச் சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு அபூர்வமான கலைச்சொல் எதுவும் வேண்டியதில்லை. ஆங்கிலச் சட்டங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் வந்து நிற்கிற, சட்டத்துக்குச் சட்டம் என்ற தோரணையைத் தருகிற ‘ஷல்’ என்னும் சிறு துணைவினை ஒன்றே போதும். துல்லியம் எங்கேனும் இருக்குமானால் அது இந்தச் சொல்லில்தான் இருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்திலிருந்து தமிழை விலக்கிவைத்திருக்கும் அரசமைப்பின் 348ஆம் பிரிவும் இதே வினைச்சொல்லை ஏந்தித்தான் நிற்கிறது என்பதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

*

‘ஷல்’லின் பூர்வீகம் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் ‘ஷெயல்’. பொருள், ‘நான் கடன்பட்டிருக்கிறேன்’. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல்லான ‘சோலன்’ கடமையைக் குறிக்கிறது; அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘ஷுல்ட்’ கடனையும் குற்றத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. ஆக, இந்த வினைச்சொல் பிறந்தபோது அதற்குள் ஒரு கடனாளியும் இருந்தான், ஒரு கடன் கொடுத்தவனும் இருந்தான்.

பிறகு அது எதிர்காலம் காட்டும் சொல்லாகத் தேய்ந்தது. 1653இல் ஜான் வாலிஸ் என்னும் கணித அறிஞர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் ஒரு விதியைப் பதிந்துவைத்தார்: தன்மையில் ‘ஷல்’ வந்தால் எதிர்காலம், முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் கட்டளை அல்லது உறுதி. ‘வில்’ என்னும் சொல்லுக்கு இதற்கு நேர்மாறான நியமம். ஆங்கிலப் பள்ளிகளில் பிள்ளைகள் பல தலைமுறைகளாக இதை மனப்பாடம் செய்தார்கள். தெருவில் பேசிய ஆங்கிலேயர் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஸ்காட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் அமெரிக்கரும் பொருட்படுத்தவே இல்லை. இன்று பேச்சாங்கிலத்தில் ‘ஷல்’ ஏறக்குறைய மறைந்துவிட்டது. ‘நாம் கிளம்பலாமா’ என்பது போன்ற மரியாதைக் கேள்விகளில் மட்டும் தங்கியிருக்கிறது. வாழும் மொழி கைவிட்ட சொல்லைச் சட்டம் மட்டும் பூசை அறையில் வைத்துக் காப்பாற்றிவருகிறது.

அப்படிக் காப்பாற்றப்பட்ட சொல்லுக்குச் சட்ட உலகத்தில் ஒரே பொருள்தானா? அமெரிக்கச் சட்டத்துறையின் வேதமாகக் கருதப்படும் ‘பிளாக் சட்ட அகராதி’ இதற்கு ஐந்து பொருள்களைத் தருகிறது: கடமைப்பட்டிருக்கிறது, செய்வது நல்லது, செய்யலாம், செய்யும், செய்ய உரிமையுண்டு. செய்தே தீர வேண்டும் என்பதிலிருந்து விரும்பினால் செய்யலாம் என்பதுவரை நீளும் இந்த வரிசையைத் துல்லியம் என்று அழைக்க மிகுந்த பக்தி வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1995இல் குட்டியரெஸ் எதிர் லமான்யோ வழக்கின் தீர்ப்பில், சட்டம் எழுதுபவர்கள் இச்சொல்லைச் சில நேரம் ‘மே’ என்ற பொருளிலும்கூடத் தவறாக ஆள்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

*

நம் அரசமைப்புக்கு வருவோம். முதல் பிரிவிலேயே ‘ஷல்’ வந்துவிடுகிறது: இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும். இங்கே யாருக்கும் எந்தக் கடமையும் சுமத்தப்படவில்லை. இது வெறும் பிரகடனம். 52ஆம் பிரிவில், குடியரசுத் தலைவர் ஒருவர் இருப்பார் என்பதிலும் அதே சொல். அது ஒரு பதவியைப் படைக்கிறது. 14ஆம் பிரிவில், சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு எவருக்கும் மறுக்கலாகாது என்பதிலும் அதே சொல். அது தடை, உண்மையான தடை. 44ஆம் பிரிவில் பொதுவான உரிமையியல் சட்டத்துக்கு அரசு முயல வேண்டும் என்பதிலும் அதே சொல்தான். ஆனால் 37ஆம் பிரிவு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது: இந்த நெறிகளை எந்த நீதிமன்றத்தின் வழியாகவும் செயல்படுத்தக் கோர முடியாது. அப்படிச் சொல்வதும் ஒரு ‘ஷல்’லைக் கொண்டுதான்.

45ஆம் பிரிவின் கதை இன்னும் வேதனையானது. அரசமைப்பு தொடங்கியதிலிருந்து 10 ஆண்டுகளுக்குள், 14 வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று அது முதலில் இருந்தது. ‘ஷல்’ இருந்தது, கெடுவும் இருந்தது. 1960 வந்தது, போனது. யாரும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. 2002இல் 86ஆம் திருத்தம் வந்து, 2009இல் சட்டம் இயற்றி, 2010 ஏப்ரல் முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தபோது, 1950இல் பள்ளிக்குப் போக வேண்டியிருந்த குழந்தை அறுபது வயதைத் தாண்டியிருந்தது. அந்தக் குழந்தையிடம் போய் ஆங்கிலத்தின் துல்லியம் பற்றி யார் பேசுவது?

எழுதியவர்களின் மனத்தில் இருந்ததை நீதிமன்றம் சரியாகப் பிரித்தறிந்துவிடுமே என்று கேட்கலாம். நீதிமன்றம் பிரித்த விதத்தைப் பார்ப்போம்.

1957இல் உத்தரப் பிரதேச அரசு எதிர் மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா வழக்கு. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 320ஆம் பிரிவு, ‘ஷல்’ போட்டே சொல்கிறது. கலந்தாலோசனை முறையாக நடக்காவிட்டாலும் நடவடிக்கை செல்லும், இந்த ‘ஷல்’ கட்டாயமானதன்று என்றது உச்ச நீதிமன்றம்.

1965ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ராம்பூர் நகராட்சி வழக்கில் நடந்தது இதைவிட விசித்திரம். வரித் தீர்மானங்களை இந்தியில் வெளியாகும் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்பது விதி. ஒரே வாக்கியம், ஒரே ‘ஷல்’. பெரும்பான்மை நீதிபதிகள் அதை இரண்டாகப் பிளந்தார்கள்: வெளியிட வேண்டும் என்பது கட்டாயம், இந்திப் பத்திரிகையில் என்பது வெறும் வழிகாட்டல். ஒரு வினைச்சொல் தன் வாக்கியத்தின் பாதி தூரம்வரை ஆணையாக நடந்து, மீதி தூரத்தை யோசனையாகக் கடந்தது.

2005இல் நம் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கு. பிரதிவாதி 30 நாள்களுக்குள், மிஞ்சிப்போனால் 90 நாள்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். அந்த ‘ஷல்’லும் வழிகாட்டல்தான், தக்க காரணம் இருந்தால் 90 நாளுக்குப் பிறகும் அனுமதிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் நுகர்வோர் வழக்குகளில் எதிர்த்தரப்புக்கு விதித்த 45 நாள் கெடு கட்டாயமானது, ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று 2020இல் அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவுசெய்தது.

இந்தத் தீர்ப்புகள் தவறு என்பது என் வாதமன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. சில காரணங்கள் மிக நல்லவை. சட்டத்தின் நோக்கம் என்ன, மீறினால் என்ன விளைவு என்று சொல்லியிருக்கிறதா, கட்டாயம் என்று கொண்டால் அப்பாவிக்குத் தீங்கு நேருமா என்றெல்லாம் நீதிபதிகள் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் பார்ப்பது சொல்லுக்கு வெளியே என்பதைக் கவனியுங்கள். சொல்லை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது என்பதே அவர்களுடைய நிலைநின்ற கோட்பாடு. துல்லியம் என்று நம் நண்பர்கள் கும்பிடுவது ஆங்கிலச் சொல்லின் கருவறையில் இல்லை. பல்லாண்டுத் தீர்ப்புகள் அதைச் சுற்றி எழுப்பிய பிரகாரத்தில் இருக்கிறது. பிரகாரத்தை எந்த மொழியிலும் எழுப்பலாம். முதல் கல்லை வைக்க விடவேண்டும், அவ்வளவுதான்.

*

இதெல்லாம் வழக்கறிஞர்களின் சொற்சிலம்பம், நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. ‘ஷல்’ இளகும்போது யாரோ ஒருவர் கீழே விழுகிறார்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் காசில் ராக் என்றோர் ஊர். 1999 ஜூனில், பிரிந்து வாழ்ந்த கணவன் நீதிமன்றத் தடையாணையை மீறி மூன்று மகள்களையும் கொண்டுபோய்விட்டான். தாய் அன்று மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினாள், நேரிலும் போனாள். காத்திருக்கச் சொன்னார்கள். அதிகாலையில் அவன் காவல் நிலையத்துக்கே வந்து துப்பாக்கியால் சுட்டு, காவலர்கள் திருப்பிச் சுட்டதில் இறந்தான். அவனுடைய வண்டிக்குள் மூன்று குழந்தைகளின் உடல்கள் கிடந்தன. அவர்களுக்கு வயது 10, 9, 7.

தடையாணையை மீறுபவனைக் காவலர் கைது செய்ய வேண்டும், கைது இயலாதென்றால் பிடியாணை கோர வேண்டும் என்று கொலராடோ சட்டம் ‘ஷல்’ போட்டுச் சொல்லியிருந்தது. குடும்ப வன்முறையைக் காவலர்கள் வீட்டுச் சண்டை என்று தட்டிக்கழிப்பதைத் தடுக்கவே அந்தச் சொல் அங்கே வைக்கப்பட்டது. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தாயின் கோரிக்கையை நிராகரித்தது. காவலருக்குக் காலங்காலமாக இருந்துவரும் விருப்புரிமையை ‘ஷல்’ என்ற ஒரு சொல் அகற்றிவிடாது; அப்படியே அது கட்டாயம் என்று கொண்டாலும் அதைச் செயல்படுத்தக் கோரும் தனி உரிமை அவளுக்கு இல்லை என்று நீதிபதி ஸ்கேலியா எழுதினார். 2011இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம், அவளுடைய உரிமைகளை அமெரிக்க அரசு மீறியது என்று அறிவித்தது. அதனால் குழந்தைகள் திரும்பி வரவில்லை.

நம் நாட்டில் இதற்கு எதிரான ஓர் உதாரணமும் உண்டு. கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் காவல் நிலையப் பொறுப்பாளர் பதிவுசெய்ய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு சொல்லியது. விசாரித்துப் பார்த்துவிட்டுப் பதிகிறோம் என்பது நிலையங்களின் வழக்கமான பதில். நீதிமன்றங்களும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்திருந்தன. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், ஈரோட்டு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான ஐந்து நீதிபதிகள், அந்த ‘ஷல்’ கட்டாயமே என்று முடித்துவைத்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் பளிச்சென்று எழுதியிருந்த ஒரு வினைச்சொல்லுக்கு அதன் நேரான பொருளை உறுதிசெய்துகொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் முன்விசாரணைக்கு மீண்டும் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களின் கதையும் இதே வினைச்சொல்லின் கதைதான். ஆளுநர் தம் முடிவை அறிவிக்க வேண்டும் என்கிறது 200ஆம் பிரிவு. எத்தனை நாளில் என்று சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் காலவரம்பு வகுத்து, 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள், காலவரம்பு விதிக்கவும் முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது, நெடுங்காலம் வாளாவிருந்தால் வரையறைக்கு உட்பட்டுத் தலையிடலாம் என்று கருத்துரைத்தார்கள். எது சரி என்பதில் அரசியல் கட்சிகள் மோதிக்கொள்ளட்டும். கெடு இல்லாத கடமை கடமைதானா என்ற கேள்விக்கு அந்தச் சொல்லிடம் பதில் இல்லை என்பதே நமக்கு இங்கே பொருட்டு.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளுக்கு இது தெரியும். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் சட்டம் வரைவோர் ‘ஷல்’லைத் தவிர்க்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்பு அதற்குப் பதிலாக ‘மஸ்ட்’ என்பதை வைத்துக்கொண்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் திருத்தி எழுதப்பட்டபோது அச்சொல் களையப்பட்டது. உடையவர்களே குப்பையில் போட்ட பாத்திரத்தை நாம் துலக்கி, இதுபோல் ஒன்று நம் வீட்டில் உண்டா என்று நம் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

*

உண்டா என்றால், உண்டு. ‘ஷல்’ தன் பூர்வீகத்தில் எதைக் குறித்ததோ அதையே குறிக்கும் சொல் தமிழில் இருக்கிறது: கடன். வாங்கியதைத் திருப்பித் தருவதும் கடன், செய்ய வேண்டியதைச் செய்வதும் கடன். சங்கப் பாடல்களிலேயே அது கடமை என்ற பொருளில் ஆளப்பட்டிருக்கிறது. அதன் உறவான ‘கடவது’, ‘கடவோம்’, ‘கடவார்’ ஆகிய வடிவங்களைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் எங்கும் காணலாம். கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கக் கடவர். யார் கடன்பட்டவர், என்ன கடன், எந்த அளவு, எத்தனை காலம் என்பதெல்லாம் கல்லில் இருக்கும். வினைமுற்றின் விகுதியே கடன்பட்டவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘கடவோம்’ என்று பொறித்த சபையார், அது எங்களைச் சொல்லவில்லை என்று நழுவ முடியாது. எதிருரை தாக்கல் செய்யப்படுதல் வேண்டும் என்ற செயப்பாட்டு வினையின் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வசதி அங்கே இல்லை.

‘கடவது’ என்பதை நாளைக்கே சட்டப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வழக்கிழந்த சொல்லுக்குப் பூசை நடத்தினால், ஆங்கிலேயர் செய்த தவற்றையே நாமும் செய்தவர்களாவோம். அந்தச் சொல்லின் பின்னால் இருந்த எழுத்து ஒழுக்கம் நமக்கு வேண்டும். இங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ‘ஷல்’ வரும் இடமெல்லாம் ‘வேண்டும்’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ‘வேண்டும்’ என்பதிலும் குழப்பம் உண்டு. அது விருப்பத்தையும் குறிக்கும், தேவையையும் குறிக்கும், கட்டளையையும் குறிக்கும். ஆங்கிலத்தின் மூட்டத்தை அப்படியே அள்ளிவந்து தமிழின் மூட்டத்தோடு கலந்துவிட்டு, பார்த்தீர்களா, தமிழில் சட்டம் வராது என்று சொல்வது என்ன நியாயம்? பிரகடனத்துக்கு ‘ஆகும்’ என்று எழுதலாம். கடமைக்கு, இன்னார் செய்ய வேண்டும் என்று எழுவாயை வெளிப்படையாக வைத்து எழுதலாம். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிடலாம். செய்யத்தக்கது, செய்யலாம், செய்யலாகாது, செய்தல் செல்லாது என்று தமிழில் படிகள் நிறையவே இருக்கின்றன. ஏறத்தான் ஆளில்லை.

ஏறிய ஒருவரை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். பாதியை மட்டும் அறிவார்கள். முதல் தமிழ் நாவலை எழுதியவர் என்று நாம் கொண்டாடும் வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். சதர் அதாலத்து நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1860களில் வெளியிட்டவர். 1879இல் வந்த அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலேயே, தமிழர் வழக்கு தமிழில் நடக்க வேண்டும் என்ற வாதம் காரசாரமாக இடம்பெறுகிறது. நாவலை வைத்துக்கொண்டோம், தீர்ப்புகளை மறந்தோம். தமிழை இலக்கியத் திண்ணையில் உட்காரவைக்கும் வேலையை இப்படி நாமே செய்துமுடித்தோம்.

அரசமைப்பின் 348ஆம் பிரிவு, நாடாளுமன்றம் வேறுவிதமாகச் சட்டமியற்றும்வரை உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கும் என்கிறது, அங்கே ‘ஷல்’. குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு மாநில மொழியை ஆளுநர் அனுமதிக்கலாம் என்கிறது அதன் இரண்டாம் உட்பிரிவு, அங்கே ‘மே’. அந்த வழியில் ராஜஸ்தான் 1950இலும், உத்தரப் பிரதேசம் 1969இலும், மத்தியப் பிரதேசம் 1971இலும், பீகார் 1972இலும் இந்தியைத் தம் உயர் நீதிமன்றங்களுக்குள் கொண்டுசென்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டது. 2012இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழுக்கூட்டம், குஜராத், சத்தீஸ்கர், மேற்கு வங்கம், கர்நாடகம் ஆகியவற்றின் கோரிக்கைகளோடு சேர்த்து அதையும் ஏற்கவில்லை.

கீழமை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுகிறார். வாக்குமூலம் தமிழில் பதிவாகிறது. மேல்முறையீடு என்று வந்ததும் அவருடைய சொல் ஆங்கிலத்துக்குப் பெயர்கிறது. ‘அடித்தான்’, ‘தள்ளினான்’, ‘கைவைத்தான்’ என்ற வேறுபாடுகளெல்லாம் மொழிபெயர்ப்பாளரின் அன்றைய மனநிலையைப் பொறுத்து அமைகின்றன. வழக்குக்குரியவர் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் நிலத்தைப் பற்றித் தனக்குப் புரியாத மொழியில் பிறர் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். துல்லியத்தின் பேரால் நாம் இழக்கும் துல்லியம் இது.

குழந்தைகளின் கல்விக்கு வந்த ‘ஷல்’ இளகியது. தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வந்த ‘ஷல்’ இளகியது. எதிருரைக்கு வந்த ‘ஷல்’ இளகியது. காவலரைக் கட்டுப்படுத்த வந்த ‘ஷல்’ கடல் கடந்தும் இளகியது. ஆங்கிலத்தை அரியணையில் அமர்த்திய அந்த ஒரு ‘ஷல்’ மட்டும், பக்கத்திலேயே ஒரு ‘மே’ கதவைத் திறந்து வைத்திருந்தும், தமிழுக்கு மட்டும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இளகாமல் நிற்கிறது. இதற்குக் காரணம் இலக்கணம் என்று இனியும் யாராவது சொன்னால், அவர்களை நம்புவதற்கு நாம் கடன்பட்டவர்கள் அல்லர்.